ஆறு வாரக் குரல்

புற்றுநோய் என்று தெரிந்த அன்றும் அறிவிப்பாளர் வழக்கம்போல ஆறு மணிக்கு வீடு திரும்பினார். பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் இருபது வருடம் பேசிய குரல், மூன்று மாதமாகத் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஆகியிருந்தது. பயணிகள்கூடப் புகார் செய்தார்கள். மனைவி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார்.

"ஆரம்ப நிலைதான். எதுல போனாலும் குணமாக வாய்ப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான். லேசர்னா ஒரே நாள்ல எடுத்துடலாம். குரல் கரகரன்னே இருந்துடலாம். கதிர்வீச்சுன்னா ஆறு வாரம் வரணும். எச்சில் முழுங்கவே கண்ணுல தண்ணி வரும். ஆனா குரல் தேற வாய்ப்பு அதிகம். வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேரில் சொல்லத் தைரியமில்லாமல் அவள் முதுகிடம் சொன்னார்.

"எனக்குத் தொண்டையில புற்றுநோயாம்."

அவள் குக்கரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடியே, புற்றுநோய்!"

அவள் வாணலியை எடுத்தாள்.

கல்நெஞ்சக்காரி! அவருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் வாயைப் பொத்தியபடியே அவள் முன்னால் போய் நின்று மூன்றாம் முறை சொன்னார்.

"என்னங்க, பல்வலியா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். வலியில் துடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அரைமணியில் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தார். அந்தப் புண்ணியவான் எப்படியோ ஒரு சொத்தைப்பல்லைக் கண்டுபிடித்துப் பிடுங்கியும் விட்டார்.

வாய் மரத்துப்போய்ப் பஞ்சைக் கடித்துக்கொண்டு, படிக்கட்டிலேயே அவள் கையில் மருத்துவ அறிக்கையைத் திணித்தார். படித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?"



மறுநாள் இருவரும் டாக்டர் முன்னால் இருந்தார்கள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்து இரண்டு வழியையும் மறுபடி சொன்னார்.

"லேசரே பண்ணிடுங்க டாக்டர். ஆறு வாரம் இவர் வதைபடறத என்னால பாக்க முடியாது. குரல் எப்படிப் போனா என்ன?" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கதிர்வீச்சே குடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி, ஊருக்கே போகாம, என் குரலைக் கேக்கறதுக்குன்னே நிலையத்துல வந்து உக்காந்திருந்தவ டாக்டர் இவ. ஆறு வாரம் எனக்குப் பெரிசில்ல."

சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் போட்டார்.

"என்ன சொன்னாரு?" என்று மனைவி நர்ஸைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு முகத்தைக் காட்டிப் பேசுங்க சார்," என்றாள் நர்ஸ். "நம்மகிட்டதானே வைத்தியம் பாத்தாங்க, ரெண்டு காதும் போயி மூணு வருஷமாச்சுல்ல?"