பலகையில் ஒரு நூல் குறைவு

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இடுப்பில் கைத்துப்பாக்கி, பர்ஸில் அதற்கான உரிமம், நெஞ்சில் ஒரே ஓர் ஆசை: யாராவது ஒரு காவலாளி வாசலில் தன்னை நிறுத்தி, "சார், இதை உள்ளே கொண்டுபோகக் கூடாது" என்று சொல்லிவிட மாட்டாரா? துப்பாக்கியைத் திருடனிடம் காட்டவேண்டும் என்ற எண்ணமெல்லாம் இவர்களுக்குக் கிடையாது. பரம சாதுக்கள். கொசுவை அடிக்கவே இரண்டு தடவை யோசிப்பார்கள். உரிமத்தைக் காவலாளியிடம் காட்டவேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் பிறவியே எடுத்திருக்கிறார்கள்.

டெக்சஸில் இந்த இனம் புல் மாதிரி செழித்து வளர்கிறது. எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? ஆகஸ்ட் மாதத்தில், தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற மத்தியானத்தில், ஊரே அரைக்கால் சட்டையோடு நிழல் தேடி அலையும்போது, ஒருவர் மட்டும் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தில் வழிகிற வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வலது இடுப்பை அப்பப்போ லேசாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்து வருவார். அவரேதான். உணவகத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று பார்க்கமாட்டார். வாசல் எங்கே என்று பார்ப்பார். வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும். வில்லன் யாராவது நுழைந்தால் முதலில் பார்க்கவேண்டாமா? வில்லன் வருவதில்லை. ஊறுகாய் வருகிறது, சோளரொட்டி வருகிறது, பில் வருகிறது. எதிர் நாற்காலியில் மனைவி கல்யாணமான நாள் முதலாகச் சுவரையும் கழிப்பறைக் கதவையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறாள்.

பீகன் ஃபோர்க் ஊரின் வெர்லின் ஸ்டக்கி இந்த இனத்தின் திலகம். கிணற்றுக்குத் தண்ணீர் பம்பு விற்று ஓய்வு பெற்றவர். மற்ற உரிமக்காரர்கள் சட்டத்தை வாயில் வைத்திருந்தார்கள் என்றால், வெர்லின் அதோடு கூட ஜாக்கெட் பையில் ஓர் இஞ்ச் டேப்பும் வைத்திருந்தார். எதற்கு? அந்த மாநிலத்துச் சட்டம் ஒன்று சொல்கிறது: 'உரிமம் இருந்தாலும் இங்கே துப்பாக்கி கூடாது' என்று ஒரு கடைக்காரர் பலகை வைத்தால், அதில் எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அங்குல உயரமாவது இருக்கவேண்டும், ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும், ஸ்பானிஷிலும் இருக்கவேண்டும். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைந்தால்கூட அது வெறும் பலகை. இதைப் படித்த நாளிலிருந்து வெர்லினுக்கு ஊரில் எந்தக் கதவும் கதவாகத் தெரியவில்லை.

வங்கி வாசலில் அளந்தார். பூச்செடிக் கடையில் அளந்தார். சவ அடக்கம் செய்கிற கூடத்தில், அதுவும் சொந்த மச்சானின் சவ அடக்கத்தன்று, பெட்டி உள்ளே போகும்போது இவர் வெளியே மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தார். துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டார் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருடைய வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே வங்கிக் காவலாளி, "ஒரு அங்குலம் இருக்கு வெர்லின், போன வாரமே அளந்துட்டீங்க!" என்று கூவிவிடுவார். வெர்லினுக்கு முகம் தொங்கிவிடும். சண்டைக்கு ஆள் கிடைக்காத ஊரில் மனிதன் எப்படி வாழ்வது?

மாவட்டத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுவிழா வந்தது. பழைய நாடகக் கொட்டகைக்குப் புது வர்ணம், புதுத் தரைவிரிப்பு. விழாவின் உச்சகட்டமாக மாவட்டப் பாடலைத் தனியாக நின்று பாடப் போகிறவள் யார் தெரியுமா? லவோன் ஸ்டக்கி. வெர்லினின் மனைவி. தேவாலயப் பாடகர் குழுவில் எப்போதும் கடைசி வரிசையில், உயரமான ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் நின்று பாடியவள். மேடை நடுவில் தனியாக நிற்பது வாழ்நாளில் இதுவே முதல் தடவை. புது நீல கவுன் தைத்தாகிவிட்டது. ஒத்திகைக்குக் காலையிலேயே போய்விட்டாள்.

வெர்லின் காலையில் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய் வண்டியின் பதிவைப் புதுப்பித்தார். மத்தியானம் புகையில் வாட்டிய மாட்டிறைச்சியை, கேட்க ஆளில்லாத சுதந்திரத்தில், இரண்டு தட்டு சாப்பிட்டார். அப்போது தொலைபேசி அடித்தது.

"வெர்லின், என் கண்ணாடிய சமையல் மேஜை மேல விட்டுட்டு வந்துட்டேன்."

"விட்டுத்தள்ளு. மனப்பாடமாத்தானே பாடப்போற?"

"முதல் சரணம் மனப்பாடம். ரெண்டாவது சரணத்த விழாக் கமிட்டி நேத்துத்தான் புதுசா எழுதிக் குடுத்துச்சு. கண்ணாடி இல்லாம பார்த்தா எறும்பு ஊர்வலம் போற மாதிரி இருக்கு. எடுத்துட்டு நேரா வா. அப்புறம், இன்னொண்ணு."

"என்ன?"

"வாசல்ல யார்கிட்டயும் சட்டம் பேசாதே."

"நான் எப்ப பேசினேன்? அவங்கதான் பேச்ச ஆரம்பிக்கிறாங்க."

"போன மாசம் பல் டாக்டர் கிட்ட காவலாளியே இல்ல. நீ போய் மீன் தொட்டிக்குப் பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட அரைமணி நேரம் பேசின. அது இன்னும் என்னைப் பார்த்தா ஒளியுது. சத்தியம் பண்ணு."

வெர்லின் சத்தியம் பண்ணினார். மனப்பூர்வமாகத்தான் பண்ணினார். இந்த இனத்தார் பொய் சொல்லவே மாட்டார்கள். வாசலைப் பார்க்கும்வரை.

கொட்டகை வாசலில் ஒரு முக்காலி. அதன்மேல் யோலண்டா கான்டூ. மற்ற நாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஆகவே எந்தக் கூச்சலுக்கும் கண் இமைக்காதவள். விழாவுக்காகக் காவலாளிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மெட்டல் டிடெக்டர் கோலை வைத்துக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, புத்தம் புதிதாக, வர்ணம்கூடச் சரியாகக் காயாத ஒரு பலகை.

வெர்லின் கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகத்தான் நடந்தார். பலகையைப் பார்க்கக்கூடாது என்று தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தரைவிரிப்பு முடிந்தது. தலை தானாக நிமிர்ந்தது.

"வாங்க சார். துப்பாக்கி கிப்பாக்கி இருந்தா வண்டியில வச்சுட்டு வந்துடுங்க" என்றாள் யோலண்டா, எல்லோரிடமும் சொல்கிற மாதிரி.

ஆகா! எத்தனை நாள் தவம்! வெர்லின் இஞ்ச் டேப்பை உருவியபோது அது ஒரு வாளைப்போல் பளிச்சிட்டது என்று பின்னால் நின்றவர்கள் சொல்லக் கேள்வி. முக்காலியை இரவல் கேட்டார். அவளும் எழுந்து கொடுத்தாள். ஏறினார். ஆங்கில வரிகள்: அங்குலம் சரி. ஸ்பானிஷ் வரிகள்...

"மேடம்! ஒரு நூல் குறைவு!"

"அப்படியா சார்?"

"அப்படின்னா சட்டப்படி இது பலகையே இல்ல!"

யோலண்டா பலகையை அண்ணாந்து பார்த்தாள். ஒரு விதையைக் கடித்தாள். "சரி சார். நீங்க சொன்னா சரிதான். உள்ள போங்க."

இங்கேதான் இந்த இனத்தின் தனித்தன்மையை நீங்கள் கவனிக்கவேண்டும். வேறு யாராக இருந்தாலும் உள்ளே போயிருப்பார்கள். வெர்லின் போனாரா? போகிறதாவது! பல வருஷமாகக் குளிக்கும்போதும் சவரம் பண்ணும்போதும் ஒத்திகை பார்த்த சொற்பொழிவு முதல் வரியோடு நின்றுபோவதா? கேள்விக்கு ஏங்கியவனுக்கு அனுமதியைக் கொடுத்தால் எப்படி வயிறு நிறையும்?

"போறேன் மேடம், கண்டிப்பா போறேன். ஆனா ஏன் போறேங்கறது உங்களுக்குத் தெரியணுமில்ல?"

"எனக்கு வேணாம் சார்."

"உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

சொன்னார். முக்காலி மேலே நின்றபடியே, மனைவியின் கண்ணாடிக் கூட்டைக் குச்சியாக வைத்துப் பலகையில் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டி, சட்டம் இயற்றப்பட்ட வரலாறு, அதற்கு முந்திய வரலாறு, பூச்செடிக் கடைக்காரனோடு நடந்த வாக்குவாதம், அதில் தான் கொடுத்த பதிலடி என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னால் வரிசை வாகன நிறுத்தம்வரை நீண்டது. வரிசையில் இருந்த கோழிப்பண்ணை டப் ஹார்கிஸும் இதே இனம்தான். அவர் சும்மா இருப்பாரா?

"ஸ்பானிஷ் எழுத்துக்கு மேல ஒரு கோடு இருக்கே, அதையும் சேர்த்து அளக்கணும் வெர்லின்!" என்று கத்தினார்.

"அது எழுத்து இல்ல, டப். எழுத்துக்குப் போட்ட தொப்பி!"

"தலைக்கு மேல தொப்பி போட்டா உசரத்துல சேராதா?"

"உன் டிரைவிங் லைசென்ஸ்ல உன் உசரத்த தொப்பியோடயா போட்டிருக்கான்?"

யோலண்டா குறுக்கே கேட்டாள்: "சார், அது யார் கண்ணாடி?"

"என் மனைவியோடது. பேச்ச மாத்தாதீங்க."

உள்ளே பியானோ ஆரம்பித்தது. மாவட்டப் பாடலின் முன்னிசை. லவோனின் குரல் எழுந்தது; முதல் சரணம், கொஞ்சம் நடுங்கினாலும் சுத்தமாக. பிறகு இரண்டாவது சரணத்துக்கான முன்னிசை. குரல் வரவில்லை. பியானோக்காரர் மறுபடியும் அதே முன்னிசையை வாசித்தார். குரல் வரவில்லை. மறுபடியும்.

வெர்லினின் சொற்பொழிவு பாதியில் நின்றது. வெர்லின் கையிலிருந்த கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார். அப்போதுதான் அது கண்ணாடிக் கூடு என்று அவருக்கு உறைத்தது. முக்காலியிலிருந்து இறங்கினார் என்று சொல்வது மரியாதை, உண்மையில் விழுந்தார். கொட்டகைக் கதவைத் தோளால் மோதித் திறந்தார். திறந்த கதவு வழியே, பின்னால் விடாமல் வாதாடிக்கொண்டிருந்த டப்பின் குரல் கூட்டம் முழுவதும் கணீரென்று கேட்டது: "ஒரு நூலுக்காகவாடா இந்தப் பாடு?"

மேடையில் லவோன், காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். நூல் என்ற வார்த்தை காதில் விழுந்தது. நடந்தது பூராவும் புரிந்தது. அவள் முகம் முதலில் சிவந்தது. பிறகு என்ன தோன்றியதோ, காகிதத்தை மடித்துப் பியானோ மேல் வைத்தாள். கையை இடுப்பில் ஊன்றினாள். மாவட்டப் பாடலின் அதே மெட்டில் பாடினாள்:

"ஊரிலுள்ள கதவையெல்லாம் அளந்து முடித்தார்,
உள்ளே வர மட்டும் ஏனோ மறந்து தொலைத்தார்;
சுவரைப் பார்த்தே காலமெல்லாம் சோறு தின்றேனே,
சும்மா இன்று உங்கள் முகம் கண்டு நின்றேனே!"

கொட்டகையே சிரிப்பில் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. அந்தச் சிரிப்பில் மேடையின் பின்திரை சுருண்டு தானாக மேலே போய்விட்டது என்றும், பியானோக்காரரின் பொய்ப்பல் மூன்றாவது வரிசையில் கிடைத்தது என்றும் ஊரில் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார்கள். அவள் இன்னும் இரண்டு சரணம் கட்டிப் பாடினாள். மீன் தொட்டிகூட அதில் வந்தது.

வெர்லின் இருக்கை வரிசைகளுக்கு நடுவே உறைந்து நின்றார். பின்னாலேயே வந்த யோலண்டா, "சார், எதுக்கும் ஒருதடவை பார்த்துடறேன்" என்று கோலை அவர்மேல் ஓட்டினாள். டேப்பின் மேல் கத்தியது. சாஸர் அளவு பெல்ட் பக்கிளில் கத்தியது. வலது இடுப்புக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

"இங்க ஒண்ணுமே இல்லையே சார்?"

வெர்லின் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார். கெட்டித் தோல் உறை இருந்தது. உள்ளே காற்று இருந்தது. உரிமம் இருந்தாலும் துப்பாக்கி கூடாத ஒரே இடமான நீதிமன்றத்துக்குள் காலையில் போகும்முன் வண்டி இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் பூட்டி வைத்த துப்பாக்கி, அங்கேயே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கனம் குறைந்தது தெரியவில்லையா? இரண்டு தட்டு மாட்டிறைச்சி அந்தக் கனத்தை ஈடுகட்டியிருந்தது.

"அப்ப இவ்வளவு நேரம் எதுக்கு சார் அளந்தீங்க?" என்றாள் யோலண்டா. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வெர்லின் வாழ்க்கையிலேயே ஒரு காவலாளிக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தது அந்த ஒருமுறைதான்.

விழா முடிந்து, ஊரே லவோனின் கையைக் குலுக்கி முடிந்து, இருவரும் வழக்கமான உணவகத்துக்குப் போனார்கள். வெர்லின் வழக்கம்போல் வாசலைப் பார்த்த நாற்காலியை இழுத்தார். லவோன் அதில் உட்கார்ந்தாள்.

"லவோன், அது என்னோட..."

"தெரியும். அந்தப் பக்கம் போய் உக்காரு. வில்லன் வந்தா நான் சொல்றேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவை, போகிறவர்களை, வருகிறவர்களை, தனக்குக் கையாட்டுகிறவர்களை எல்லாம் பார்த்தபடி அவள் சோளரொட்டி சாப்பிட்டாள். வெர்லின் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பரிதாபமாகத்தான் பார்த்தார். பிறகு கழிப்பறைக் கதவைப் பார்த்தார். அதில் ஏதோ ஒரு சின்னப் பலகை, இரண்டு மொழியில். வெர்லினின் கை மெல்ல மெல்ல ஜாக்கெட் பைக்குள் போனது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் இடுப்பில் துப்பாக்கி இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, முறைப்படி எடுத்த டிக்கெட்டைக் கையில் நீட்டிக்கொண்டு காத்திருக்கும் உங்களை மட்டும் கேட்காமல் தாண்டிப் போகிறபோது, மனசுக்குள் ஏதோ ஒன்று சுருங்குகிறதா? "கேளுங்க சார், கேட்டுத்தான் பாருங்களேன்" என்று வாய்வரை வருகிறதா? அப்படியென்றால் ஒரு யோசனை. இந்தப் பக்கத்து எழுத்தின் உயரத்தை அளக்கலாமா என்று கை துறுதுறுக்கும் முன்னால், வீட்டில் யாருடைய கண்ணாடியாவது உங்கள் பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.