தொண்ணூற்றிரண்டு டெசிபல்

இவரை வெளியிலேயே உட்கார வைத்திருக்கலாம். வெண்மதி நினைத்தாளே தவிர, சொல்லவில்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் அவள் நினைத்துச் சொல்லாமல் விட்டவை ஏராளம். சொன்னாலும் நெடுமாறன் காதில் விழாது.

ஸ்கேன் மேஜையில் மல்லாந்து படுத்திருந்தாள். ஆறாம் மாதம். இன்றைக்கும் குழந்தையின் இதயம் சரியாகத் தெரியாவிட்டால் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் ஷமா சொல்லியிருந்தார். அந்தப் பயத்தை அவள் நெஞ்சுக்குள் புரட்டிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் கணவனின் குரல் வெடித்தது.

"டாக்டர்! தொண்ணூத்திரெண்டு டெசிபல்னு போட்டிருக்கு!"

நெடுமாறன் திரையின் மூலையைக் காட்டினான். சுரங்கத்தில் ராட்சத வெட்டு இயந்திரத்தோடு பதினோரு வருஷம். அவன் ரகசியம் பேசினாலே அடுத்த பிளாக்கில் கேட்கும்.

"எங்க மைன்ஸ்ல தொண்ணூறு தாண்டினாலே காதுக்கு மூடி மாட்டணும். பாப்பா காது என்னாவுறது?"

"சார், உள்ள போறது யாருக்குமே கேக்காத சத்தம். போகப் போகத் தேஞ்சிடும். திரும்பி வர்ற எதிரொலி ரொம்ப சன்னமா இருக்கும். அதை எவ்ளோ பெருக்கிப் பாக்கறோம்கறதுதான் அந்த நம்பர். நான் கத்தல சார், காதைத் தீட்டிக்கறேன்."

கத்தாமலும் காரியம் ஆகும் என்பது நெடுமாறனுக்குப் புதுச் செய்தி. நம்பவில்லை.

"எதுக்கும் கொறைங்க!"

டாக்டர் குறைத்தார். திரை இருண்டது.

"ஐயோ, பாப்பாவக் காணமே!"

கூட்டினார். திரை முழுக்க மார்கழிப் பனி. பழைய அளவுக்கே கொண்டுவந்தபோது குழந்தை முதுகைக் காட்டியிருந்தது.

"பாத்தீங்களா, சத்தம் தாங்காமத் திரும்பிக்கிச்சு!"

டாக்டர் கருவியை விலாப்பக்கம் நகர்த்தி அழுத்தினார். இதயம் ஓரமாய் எட்டிப் பார்த்தது.

"அழுத்தாதீங்க டாக்டர்!"

மறுபடி முதுகு.

நெடுமாறன் ஷிஃப்ட் பையைத் திறந்து தன் காதுமூடியை எடுத்தான். "தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே அதை அவள் வயிற்றில் கவிழ்த்தான். இப்போது கருவி வைக்கவே இடமில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "புதுச்சேரிக்கு எழுதித் தர்றேன்."



துண்டோடு கதவோரம் நின்ற உதவியாள் சாமியம்மாள் வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா, நானும் பாத்துக்கினேதான் இருக்கேன். மிசினைக் கூட்டினாலும் கொறைச்சாலும் புள்ள அதும்பாட்டுக்குக் கெடக்குது. இவரு வாயத் தொறக்கறப்பதான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பிக்குது."

டாக்டர் சிரிப்பை அடக்கியபடி மறுபடி கையுறையை மாட்டினார்.

"வெண்மதி, நான் மூச்சே விடமாட்டேன். ஓரமா நின்னுக்கட்டுமா?"

அவன் குரல் இவ்வளவு சன்னமாக வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரியும். வயிற்றிலிருந்த காதுமூடியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"வெளியில இருங்க," என்றாள்.

அவன் போனதும் திரையில் இதயம் தெளிவாகத் துடித்தது. குழந்தை அசையவில்லை.