லைசென்ஸ் வாங்கியவனும் ஓர் இருமலும்

ஷீலா, ஜோயல், நான் பெருமை பேச வாயைத் திறந்ததும் உங்கள் அம்மா இருமுகிறாளே, அது சளி இருமல் இல்லை. ஒரு முட்டாள் லைசென்ஸ் வாங்கிய கதை அது. முட்டாள் உங்கள் அப்பன்தான்.

நீங்கள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். தேயிலை ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு நிலத் தரகில் இறங்கினேன். எங்கள் மஞ்சூர்ப் பக்கம் தரகனாவதற்கு ஒரு செல்போனும், அடுத்தவன் நிலத்தைச் சொந்த நிலம்போலக் கைநீட்டிக் காட்டும் தைரியமும் போதும். (மூளையை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.)

வெடிமருந்து ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற பெஞ்சமின் ஐயா தன் வீட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு முதல் ஆளாக ஓடினேன்.

"லைசென்ஸ் வெச்சிருக்கீங்களா தம்பி?"

"அதெல்லாம் எதுக்குங்கய்யா, நம்ம பழக்கத்துக்கு..."

"லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு எங்கூட்டு கேட்டு தொறக்காதுங்க. வாங்கிட்டு வாங்க, உங்களுக்கே குடுக்கறேன்."

உங்கள் அம்மாவும் கண்டிஷன் போட்டுவிட்டாள். "இந்த ஒரு ஊட்டையாச்சும் முடிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி மரியாதையா ஃபேக்டரிக்கே திரும்பிப் போயிருங்க."

லைசென்ஸுக்கு மனுப் போட ஊட்டியில் கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தேன். போட்டோவுக்கு இரவல் கோட்டு. (தோளில் இன்னொரு ஆள் உட்காரலாம்.) ஆபீஸ் முகவரி கேட்டார்கள். வீட்டில் விறகு அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, அதுதான் ஆபீஸ் என்றேன். பாதியில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. ஒரு வழியாக வந்து சேர்ந்தது. சர்க்கார் அதைப் பதிவுச் சான்று என்கிறது. என் வாயில் அது லைசென்ஸ்.

மனிதனாகப் பிறந்தவன் அதை பீரோவில் வைப்பான். நான் லேமினேஷன் செய்து, கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, தொலைஞ்சு போனா கொண்டுவந்து சேக்கறதுக்கா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்த அம்மாவுக்கு வீடுகூட முக்கியமில்லை, 'வியூ' வேண்டும். நாங்கள் பெஞ்சமின் ஐயா வீட்டு கேட்டுக்குப் போன நேரம், மிஸ்ட் ஏறி, கேட்டே பாதிதான் தெரிந்தது.

"ஒண்ணுமே தெரியலீங்களே?"

"தெரியாதுங்க மேடம். ஆனா இருக்குதுங்க." (பேயைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள்.)

கையை நீட்டி, "அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, இந்தப் பக்கம் டேம் தண்ணி" என்றேன். என் விரலே எனக்குத் தெரியவில்லை.

ஐயாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆள் இல்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "வெலை கொறைப்பாரா?"

"கெழவனுக்கு வெலையே தெரியாதுங்க சார். லைசென்ஸுன்னு இந்த அட்டைய ஆட்டிக் காட்டினாப் போதும், சாவியவே எடுத்துக் குடுத்துருவாரு. நான் அமுக்கித் தர்றனுங்க."

ஓர் இருமல் கேட்டது. தூரத்தில் இல்லை, கேட்டுக்கு அந்தப் பக்கம், என் மூக்குக்கு நேரே. கையில் சாவியோடு பெஞ்சமின் ஐயா, பனிமூட்டத்திலிருந்து மெதுவாகத் தெரிந்தார்.

"ஏனுங்க தம்பி, இப்படி அமுக்கறதுக்கும் சேத்துத்தான் லைசென்ஸ் குடுத்தாங்களா?"

அந்தக் கணவர் கொஞ்சமும் கூசாமல், "ஐயா, நாம நேரடியாவே பேசிக்கலாங்களா?" என்றார்.

"வாங்க, டீ குடிச்சுட்டுப் பேசலாம்."

கேட்டு திறந்தது, அவர்களுக்கு. அவர்கள் நுழைந்ததும் பூட்டியும் கொண்டது. சர்க்கார் பதிவு பெற்ற ஏஜென்டான நான் ரோட்டில் நின்றேன். உள்ளேயிருந்து இஞ்சி டீ வாசம் மட்டும் வந்தது.

வீடு கைமாறியது, நான் இல்லாமல். அடுத்த திங்கட்கிழமை ஃபேக்டரியில் பழையபடி இலை எடை போட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னபோது உங்கள் அம்மா திட்டவே இல்லை. ஒரே ஒரு இருமல். அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஒன்றை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. கேட்டு பூட்டிய பிறகு ரோட்டில் தனியாக நின்றேன். கீழே எங்கேயோ இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். மிஸ்ட்டில் ஆள் தெரியவில்லை, ஆனால் அவர்கள் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடிப்போனதுவரை காதில் விழுந்தது. கழுத்திலிருந்த லைசென்ஸை எடுத்து ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப்வரை வாயே திறக்காமல் நடந்தேன்.