திறந்தால் மூடிக்கொள்ளும் ஃபோல்டர்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சிங்கப்பூர் வேலைக்கான பேப்பர்களை அனுப்பியே தீருவது என்று, திங்கட்கிழமை காலையில் கமலநாதன் சாமிப் படத்தின் முன்னால் நின்று சபதம் செய்தார். சாட்சிக்கு மனைவி வாசுகியைக் கூப்பிட்டார். வாசுகி கையில் உளுந்து மாவோடு வந்து நின்றாள். "சரிங்க, சாமி கேட்டுருச்சி. நான் போயி வடையப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கமலநாதன் மலேசியாவில் ரெங்கம் பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதத்தில் அவர் செய்த உருப்படியான காரியம், வாசல் கேட்டுக்கு இரண்டு தடவை பச்சைப் பெயிண்ட் அடித்தது. மூன்றாவது தடவை அடிக்கலாமா என்று ஒரு நாள் தோன்றியபோது அவருக்கே பயம் வந்துவிட்டது. வாசுகியோ ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் வடை, தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக், எலுமிச்சை சாதம் என்று செய்து, மத்தியானத்துக்குள் இரண்டு பேக்டரி கேன்டீனுக்கு அனுப்புகிறவள். பெண்சாதி உழைக்க, புருஷன் உட்கார்ந்து விசிறியின் இறக்கைகளை எண்ணுவதா? அந்த நினைப்பு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது.

அதனால்தான் இந்தச் சிங்கப்பூர். ஜொகூர் பாருவில் ஒரு ஏஜன்சி, பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்குக்குக் காவலாளிகளைச் சேர்க்கிறது. பாருவில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. அது போதும் என்று கமலநாதன் முடிவு செய்துவிட்டார். வாசுகி போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. கல்யாணமான எந்த ஆணும் அந்த இடத்தில் சுதாரித்திருக்க வேண்டும்.

காரியம் கெட்டது கம்ப்யூட்டரில். ஃபாரம், பாய்லர் சர்ட்டிபிகேட், ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல் எல்லாம் ‘வீட்டு பேப்பர்’ என்ற ஃபோல்டருக்குள் இருந்தன. திறந்தார். குட்டிக் குட்டிப் படங்களாக ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. நாலு எட்டிப் பார்ப்பதற்குள் திரை ஒரு சிமிட்டு சிமிட்டியது. ஃபோல்டர் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடிக்கொண்டது.

"வாசுகி! இந்த ஃபைல் மேனேஜர் ஓடிப்போயிட்டான்!"

"எந்த மேனேஜருங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஃபைல எல்லாம் எடுத்துக் குடுக்கறவன். கதவத் தட்டுனா தொறக்கறான். என்ன வேணும்னு சொல்றதுக்குள்ள சாத்திட்டுப் போயிடறான்."

"ஒங்க மில்லு மேனேஜரும் அப்படித்தானேங்க, போனஸ் கேட்டா."

"வெளையாடாத லா! வெள்ளிக்கெழம அஞ்சு மணி!"

"அலமாக், அதுக்கு இன்னும் நாலு நாளு இருக்கு. டீ ஆறுது, குடிங்க."

பாய்லர்காரருக்குத் தெரிந்த வைத்தியம் பாய்லர் வைத்தியம். நின்றுபோன பாய்லரைச் சூடு தணியாமல் திரும்ப மூட்டக்கூடாது. கமலநாதன் மேசை விசிறியைக் கம்ப்யூட்டருக்கு எதிரே வைத்து அரைமணி நேரம் காற்று வாங்க விட்டார். அடுத்தது லாக் புக். ஆலையில் ஒரு வால்வைத் தொட்டால்கூட எழுதி வைத்த கை அது. பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். ‘காலை 8.10: திறந்தது. 8.11: நின்றது. சத்தம் சாதாரணம். புகை இல்லை.’

"இன்னொரு விசிறி இருக்கா வாசுகி?"

"இந்தாங்க. நல்லா ஆறட்டும். அவசரப்பட்டு கெடுத்துக்காதீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

செவ்வாய்க்கிழமையும் நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். புதன்கிழமையும் என்றாள். நடுவில் திருநீறு கொண்டுவந்து திரையின் நெற்றியில் பூசிவிட்டும் போனாள். மனைவி இவ்வளவு ஒத்துழைத்து அவர் பார்த்ததே இல்லை. மனுஷர் நெகிழ்ந்துபோய், ‘மனைவி உதவி: மிக நன்று’ என்று லாக் புக்கிலும் எழுதிவிட்டார்.

வியாழக்கிழமை நோட்டைப் புரட்டியபோது அவருக்கே ஒன்று பிடிபட்டது. நாற்பத்தாறு தடவை நின்றிருக்கிறது. ஆனால் பாட்டு ஃபோல்டர் ஒரு தடவையும் நிற்கவில்லை. கல்யாணப் படங்கள் ஃபோல்டர் நிற்கவில்லை. நின்றதெல்லாம் ‘வீட்டு பேப்பர்’ மட்டுமே. பாய்லர் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு குழாயில் அடைப்பு. இதைக் கண்டுபிடித்த பெருமையில் அன்றைக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நோட்டும் கையுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருக்கும் கேப்ரியல், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். நோட்டைப் பாதிகூடப் படிக்கவில்லை.

"அண்ணே, உள்ள ஒரு வீடியோ கெட்டுப்போயிருக்கு. மேனேஜர் ஒவ்வொரு ஃபைலுக்கும் குட்டிப் படம் போட்டுக் காட்டப் பாக்குது. கெட்ட வீடியோகிட்ட வந்ததும் முடியாம விழுந்துடுது. படம் வேணாம், பேரு மட்டும் காட்டுன்னு மாத்திட்டா மூடிக்காம நிக்கும். அப்பறம் அந்த வீடியோவ அழிச்சிடலாம்."

"கம்ப்யூட்டரப் பாக்காமலே எப்படிப்பா சொல்ற?"

"போன ஞாயித்துக்கெழமயே அக்காவுக்குச் சொன்னேனே! வடை சுடற வீடியோவ போன்லருந்து ஏத்தறப்ப பாதியில வயரப் புடுங்கிட்டாங்களாம். ‘தொறந்தா மூடிக்குது கேப்ரியல்’னாங்க. அழிச்சிடுங்கன்னேன். சரி சரின்னாங்களே?"

கமலநாதன் நோட்டைத் திரும்ப வாங்கி மூடினார். ஆக, நாற்பத்தாறு தடவையும் அவளுக்குத் தெரியும். விசிறி கொடுத்தபோதும் தெரியும். திருநீறு பூசும்போது சாமிக்கும் தெரியும். கோபம் வந்தது. கூடவே, இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தி என்னைப் பிடித்துவைக்கப் பார்க்கிறாளே என்று ஓரமாக ஒரு சந்தோஷமும் வந்தது. ஆனால் சபதம் சபதம்தானே? கேப்ரியலைப் பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் அழைத்து வந்தார். கேப்ரியல் இரண்டு இடத்தில் தட்டினார். ஃபோல்டர் திறந்தது. மூடிக்கொள்ளாமல் நின்றது. வடை வீடியோ அழிந்தது. நாலு ஐம்பத்தொன்றுக்குப் பேப்பர்கள் பாருவுக்குப் போய்ச் சேர்ந்தன.

கேப்ரியலை அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"அனுப்பிட்டேன்."

வாசுகி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "அப்படிங்களா."

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. விசிறி கேட்டீங்க, குடுத்தேன்."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "முப்பத்தொரு வருஷம் ஷிப்டு. நீங்க வர்றப்ப நான் தூங்கறேன். நான் எந்திரிக்கறப்ப நீங்க தூங்கறீங்க. இந்த மூணு மாசமாத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து டீ குடிக்கறோம். அதுக்குள்ள ரூமு எடுக்கப் போறேங்கறீங்க."

கமலநாதன் பதில் தேடினார். கிடைத்தது உண்மை மட்டும்தான். "சும்மா ஒக்காந்து ஒன் ஒழப்புல சாப்பிட வெக்கமா இருக்கு வாசுகி."

"சும்மா ஒக்காரச் சொன்னது யாரு?"

கமலநாதன் பேச்சைத் திருப்பினார். "என்ன செய்யறது, அனுப்பியாச்சி. போன் வந்தா போய்த்தான் ஆவணும்" என்றார்.

"வந்தா போங்க" என்றாள் வாசுகி. நிம்மதியாகச் சொன்னாள். அந்த நிம்மதியையும் கமலநாதன் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தார். குளிக்கப் போகும்போது சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். போன் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு போன் அடித்தது. அடித்தது அடுப்படியில்.

"ஆமாம்மா, கமலநாதன் வீடுதான். ஏஜன்சியிலருந்தா? பேரு ஷாமளாவா? சொல்லும்மா... எடுத்துட்டீங்களா! ரொம்ப சந்தோஷம். ஆனா அவருக்கு இங்கயே வேல கெடச்சிருச்சிம்மா. ஆமா, வீட்டுகிட்டயேதான். சாப்பாடும் குடுக்கறாங்க. வெச்சிடறேம்மா."

கமலநாதன் ஓடி வந்தார். "என் வேலைக்கு ஒன் போன்ல எதுக்குக் கூப்பிடறாங்க?"

"ஃபாரத்த டைப் பண்ணது யாருங்க?"

அவள்தான். கையெழுத்து மட்டும் அவருடையது, அதுவும் படிக்காமல். ஆஸ்பத்திரி அட்டையிலிருந்து தண்ணீர் பில் வரைக்கும் அந்த வீட்டில் எல்லாவற்றிலும் இருப்பது வாசுகியின் நம்பர். பாய்லர் இரைச்சலில் எனக்குக் கேட்காது, ஒன் நம்பரையே போட்டுவிடு என்று சொல்லிப் பழக்கியவரும் அவரேதான். யாரைக் குறை சொல்வது?

"அப்ப அந்த வடை வீடியோ எதுக்கு?"

"அது தானா கெட்டுச்சிங்க. இருந்துட்டுப் போவட்டுமேன்னு விட்டேன்."

"சரி, எனக்கு என்ன வேலதான் கெடச்சிருக்காம்?"

வாசுகி நகர்ந்து வழிவிட்டாள். "நாலு அடுப்பு. நாலும் ஒரே சூட்டுல நிக்கணும். ஒண்ணப் பாத்தா ஒண்ணு கருகுது. ஒத்தையா முடியலீங்க. பாய்லர் பாத்த ஆளு வேணும்."

கமலநாதன் குனிந்து நாலு தீயையும் பார்த்தார். மூன்றாவது கூடுதலாக எரிந்தது. கை தானாகப் போய்க் குறைத்தது. நாலும் ஒன்றுபோல நீலமாக நின்றன. மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று அந்த நிமிஷம் இறங்கிப்போனது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆலையில் பெரிய ஆட்களிடம் பேசும் குரலில் கேட்டார்.

"எப்ப வந்து சேரணும்?"

வாசுகி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்கே வந்திருக்கணும். மொத நாளே நாலு மணி நேரம் லேட்டு."