சுப்பையா திறந்த கண்

பொம்மைக்கு ஒரு கண்ணைக் காணோம்!

சுப்பையா கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தான். அழித்தே விட்டானா? சிவப்பாய், உருண்டையாய், கை கால் இல்லாத ஜப்பான் பொம்மை. பல் டாக்டர் மொரிதா மூன்று மாதத்துக்கு முன் கொடுத்தது. மாதாமாதம் வருவார், மேல்தட்டில் இருந்த அதை அண்ணாந்து பார்ப்பார், முகம் வாடிப் போய்விடுவார். பாவம், கழுத்து வலிக்குமே என்று இன்றுதான் சுப்பையா அதைக் கீழே இறக்கித் துடைத்தான். நல்லதுக்குக் காலமே இல்லை.

சூலியா தெருவில், தன் அத்தர்க் கடை மாடியில் ஹபீப் முகம்மது முதலாளி வைத்திருந்த காட்சிசாலை அது. சீன ஜாடி, சயாம் முகமூடி, ஜப்பான் பொம்மைகள், காவலுக்கு சுப்பையா. முதலாளி சொன்ன சொல் மாறாதவர். "ஒரு சாமான் கெட்டாலும் உன் சீட்டு கிழிஞ்சிடும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சுப்பையாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வேலை போனால் சந்திரிகாவும் போய்விடுவாள்.

அடுப்புக்கரியால் ஒரு கண் வரைந்தான். பெரிதாகிவிட்டது. சரிக்கட்ட மற்றதையும் பெரிதாக்கினான். பொம்மை பேயைக் கண்டதுபோல் விழித்தது. துடைத்தான். முகமெல்லாம் கரி.

கோயில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டும் முனுசாமியிடம் ஓடினான். அவர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணு தொறக்கிறதுன்னா சும்மாவா தம்பி? கண்ணாடி வேணும், கற்பூரம் வேணும்."

"ஐயோ அண்ணே, இது சாமி இல்ல!"

"கண்ணுன்னா கண்ணுதான் லா. முறை தப்புனா எனக்குத் தூக்கம் வராது."

கரியைக் கழுவி, தூரிகையை எடுத்தார். ஜப்பான் பொம்மைக்கு அம்மன் கண்கள் வந்தன, மை தீட்டி, காது வரைக்கும். கண்ணாடி காட்டிக் கற்பூரம் ஏற்றினார். புகை மாடிப்படி வழியே இறங்கியது.

"எங்கடா தீ?" என்று முதலாளி மூச்சிரைக்க ஏறி வந்தார். பின்னாலேயே, வழக்கம்போல் அந்த மாதமும் வந்திருந்த டாக்டர் மொரிதா, அவருடைய கம்பவுண்டர் யூசுப்.

டாக்டர் பொம்மையைப் பார்த்தார். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. முதலாளியின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். முதலாளிக்கு ஏனோ முகம் வெளுத்துப்போனது.

அப்பாடா, தப்பித்தோம்! சுப்பையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல, யூசுப் அண்ணே?"

"பிடிக்காம என்ன தம்பி? பல் ஆஸ்பத்திரி வைக்க இந்த மாடியக் கேட்டு, ஒத்தக் கண்ணு பொம்மையக் குடுத்தாரு. சம்மதம்னா முதலாளி மறு கண்ணப் போடணும்னு பேச்சு. சாமானெல்லாம் எப்ப காலி பண்றீங்க?"