பக்கத்து அறைக் குரல்

"தொண்ணூத்தெட்டு மார்க்கா? இவனா?"

பொருளியல் விரிவுரையாளர் விடைத்தாளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி.

எதிரே நின்றவனுக்கு வகுப்பில் மௌனச்சாமி என்று பெயர். வருகைப் பதிவுக்குக்கூட கையைத்தான் தூக்குவான்.

"காப்பி அடிச்சியா?"

மௌனச்சாமி தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"அஞ்சு கேள்வி கேக்கறேன். பதில் வரலேன்னா பேப்பர் கேன்சல். ஒரு வருஷம் போச்சு."

கேட்டார். உதடு அசைந்தது. வியர்வைதான் வந்தது.

துணைக்கு வந்திருந்த அக்கா குறுக்கே புகுந்தாள். "மூஞ்சியப் பாத்தா அவனுக்குப் பேச்சு வராது சார். திரும்பி நின்னு சொல்லட்டுமே."

சுவரைப் பார்த்து நின்றான். "தேவை கூடினா..." என்று ஆரம்பித்தான். விரிவுரையாளர் பாய்ந்து போய்ச் சுவரைத் தடவினார்.

"இங்க என்ன எழுதி வச்சிருக்கே?"

வந்த பேச்சும் நின்றது.

"பக்கத்து ரூம்ல உட்கார வச்சு போன்ல கேளுங்க சார். போன்ல பேசினா வாய மூடவே மாட்டான்."

அவன் சட்டைப்பை, அவள் கைப்பை, பக்கத்து அறை பீரோ எல்லாவற்றையும் துழாவிவிட்டுத்தான் சம்மதித்தார்.

கேள்வி முடியுமுன் பதில் வந்தது. கணீரென்று, உதாரணத்தோடு. ஐந்தாவது பதிலில், அவர் வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் அந்தக் குரல் பணிவாகத் திருத்தியது.

போனை வைத்தவர் முகம் மலர்ந்தது. "மாட்டினான்."

"என்ன சார்?"

"இவனுக்கு ஏதும்மா இப்படி ஒரு குரல்? உள்ள வேற எவனோ இருக்கான்."

கதவைத் தள்ளினார். மேஜைக்கடியில் குனிந்தார். எவனும் இல்லை. ரிசீவரும் கையுமாக நின்ற மௌனச்சாமி அவரைக் கண்டதும் கல்லானான்.

"பேசினது யாருடா?"

உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியாம்மா. நேர்ல வாய் திறக்காதவன் போன்ல மட்டும் எப்படிப் பேசுவான்? உலகத்துல எங்கயாவது நடக்குமா?" விடைத்தாளில் குறுக்குக் கோடு போட சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்ற துறைத் தலைவி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆறு பேர் முன்னாடி உங்களுக்கு வாயே திறக்கலேன்னு, தனி ரூம்ல உட்கார வச்சு போன்லதானே சார் இந்த வேலைக்கு உங்கள இன்டர்வியூ பண்ணோம்... அன்னைக்குப் பதில் சொன்னது யாரு?"