டோருவின் தற்காலிக மரணம்

மனித குலம் இதுவரை நடத்திய போர்களில் ஒரே ஒரு குறைதான் உண்டு: ஒத்திகை போதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்த பெருமை ருமேனியாவின் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பயிற்சித் திடலுக்கே உரியது. மரப்பலகையால் அங்கே ஒரு கிராமம் கட்டி, அதற்கு 'எதிரி கிராமம்' என்று பெயர் வைத்து, குடியிருக்கப் பக்கத்து ஊர்க்காரர்களையே கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள்.

சவேத்தாவுக்குக் கிடைத்த பதவி 'பகைமை மிக்க பெண்மணி'. வாசலில் நின்று சிப்பாய்களை முறைக்க வேண்டும். யாரையும் முறைத்துப் பழக்கமில்லாத அவள், வீட்டுக் கண்ணாடி முன் நின்று தன்னையே முறைத்துப் பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

பயிற்சி அன்று பனியும் மழையும் கலந்து கொட்டியது. டோரு என்ற இளம் சிப்பாய் அவள் வாசலுக்கு நேரே ஓடி வந்தபோது, அவன் மார்பில் கட்டியிருந்த, குண்டு பட்டதாகக் காட்டும் கருவி கீச்சிட்டது. நடுவரான மேஜர் தோமா முறைப்படி அறிவித்தார்.

"நீ செத்துட்டே. படு."

டோரு சேற்றில் படுத்தான். பிணம் ஏற்றும் வண்டி வரும்வரை அசையக் கூடாது என்பது விதி. வண்டியோ, தலைநகரிலிருந்து வந்திருந்த விருந்தினர்களுக்குச் சூடான சாப்பாடு கொண்டுவரப் போயிருந்தது.

நெடுநேரம் ஆயிற்று. பிணத்துக்கு உதடு நீலம் பாரித்தது, பற்கள் தந்தியடித்தன. சவேத்தா முறைப்பதை நிறுத்திவிட்டுக் கம்பளியோடு வந்தாள்.

"அம்மா, செத்தவனுக்குக் குளிராது," என்றார் மேஜர்.

"அப்புறம் ஏன்யா இவன் நடுங்குறான்?"

"அது பயிற்சிக் குறைபாடு. கவனிச்சுட்டேன்."

"சரி, செத்துட்டான்னே வைங்க. நம்ம ஊர்ல செத்தவங்களை இப்படியா போட்டு வைப்போம்? மூடணும், மெழுகுவத்தி ஏத்தணும், அவங்க பேரைச் சொல்லி யாருக்காச்சும் சாப்பாடு குடுக்கணும். உங்க அம்மா செய்யமாட்டாங்களா?"

மேஜரின் அம்மா வருடம் தவறாமல் செய்கிறவள். விதிகளிலும் இதற்குத் தடை இல்லை. ஆகவே கம்பளி போர்த்தப்பட்டது. குடைக்கு அடியில் மெழுகுவத்தி ஏற்றப்பட்டது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியைச் சுடச்சுட மேஜரின் கையிலேயே கொடுத்தாள் சவேத்தா.

"டோரு பேருக்கு. நீங்க சாப்பிட்டா அவனுக்குப் போய்ச் சேரும்."

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்," என்று முறைப்படி சொல்லிவிட்டு, மேஜர் மிகுந்த பக்தியோடு இரண்டு சுருள் தின்றார்.

கம்பளிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"சார், இன்னும் வந்து சேரல."

"பிணம் பேசக் கூடாது."

"பேசல சார். விசாரிச்சேன்."

சவேத்தா சேற்றில் மண்டியிட்டாள். அடுத்த சுருளை நேராக அவன் வாயிலேயே வைத்தாள். விறைத்துப்போன அவன் விரல்களைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"தின்னு ராசா. எதிரி வீட்டுச் சாப்பாடு, உப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

மாலையில் ஆய்வுக் கூட்டம். புகை, சத்தம், சேறு, நேரத்துக்கு வராத வண்டி உட்பட அனைத்தும் உண்மைப் போரைப் போலவே தத்ரூபமாக அமைந்தன என்று கர்னல் பாராட்டினார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். பிறகு அவர் சவேத்தாவை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை; ஆழ்ந்த வருத்தம்தான் இருந்தது.

"அம்மா, நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம். இந்தப் பையனை ஒருநாள் நிஜமான எதிரி கிராமத்துக்கு அனுப்பறோம்னு வைங்க. அங்கேயும் வாசல்ல உங்களை மாதிரி ஒருத்தி நிப்பா. உங்க கையால சாப்பிட்டவன், அவளை எப்படிம்மா சுடுவான்?"